விக்ரோலியில் செத்துப் பிழைத்தேன்

பம்பாயில் எனக்குப் பழகவே பழகாத ஒன்று, ஆபீசுக்குள் நுழைந்ததும் மேலாளர் தேஷ்பாண்டே சொல்லும் காலை வணக்கம். "சுடலா, ஜா, மர் கே ஆ" என்பார். போய்ச் செத்துவிட்டு வா என்று அர்த்தம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் விடிந்ததும் விடியாததுமாக ஒருவனைப் பார்த்து இப்படிச் சொன்னால், அவர்கள் வீட்டோடு மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இங்கே அதற்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். நானும் "ஹாங் சார்" என்று போய், பளபளக்கும் உருண்டைகள் ஒட்டிய கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து, மெத்தை விரித்த தரையில் விழுந்து செத்துவிட்டு வருவேன். சுற்றி நிற்கும் கேமராக்கள் என் அசைவைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும். அது வீடியோ கேமில் வரும் ஜாம்பிகளின், அதாவது நடக்கும் பிணங்களின், அசைவாகிவிடும். சுடுகாட்டுச் சாமியின் பெயரை வைத்துவிட்டுப் பிள்ளை கலெக்டர் ஆவான் என்று எதிர்பார்த்தால் எப்படி?

பிணமாக வேண்டும் என்று நான் ரயில் ஏறவில்லை. தாராவியில் தோல் பை தைக்கும் சித்தப்பா வீட்டில் தங்கி, மாட்டுங்காவில் ஒரு பயிற்சி நிலையத்தில் அனிமேஷன் படித்தேன். நான் வரைந்த உருவம் திரையில் எழுந்து நடக்க வேண்டும், அதைச் செய்தவன் நான் என்று சொல்ல ஒரு நாற்காலி வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. விக்ரோலி கம்பெனியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கதவிலிருந்து மேஜை வரைதான் நடந்தேன். உட்காருவதற்குள் தேஷ்பாண்டே எழுந்துவிட்டார். இன்னொரு தடவை நடந்து காட்டு என்றார். சிறுவயதில் பம்புசெட் பெல்ட்டில் மாட்டி என் இடதுகால் நரம்பு சுருங்கிப்போனது. குதிகால் தரையில் படாது. உடல் தகுதி பார்க்கிறார் போல என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை நேராக நடந்தேன். "அப்படி இல்லை, வந்தாயே, அப்படி நட" என்றார். பிறகு ஆபீசையே கூப்பிட்டுக் காட்டினார். ஒரு பெண் கைதட்டினாள். என் படங்கள் இருந்த லேப்டாப்பை யாரும் திறக்கவில்லை. கொஞ்ச நாள் இதைச் செய், அனிமேட்டர் நாற்காலி உனக்குத்தான் என்று கைகொடுத்தார். ஊரில் என்னை நொண்டி என்று இலவசமாகக் கூப்பிட்டார்கள். இங்கே காசு கொடுத்துக் கூப்பிடுகிறார்களே என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன்.

கேமைத் தயாரிப்பவர் ஸ்வீடன்காரர். வீடியோ காலில் என் நடையைப் பார்த்துவிட்டு, இவர் எந்த நாடகப் பள்ளியில் படித்தார் என்று மரியாதையாகக் கேட்டார். "நேச்சுரல் சார், கம்ப்ளீட்லி நேச்சுரல்" என்றார் தேஷ்பாண்டே. இயல்பான நடிப்பு என்று புரிந்துகொண்ட அந்த நல்ல மனிதர், அப்படியானால் வலதுகாலையும் இதேபோல் ஆக்க முடியுமா என்று கேட்டார். ஆபீசில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக்கைத் தூக்கிக்கொண்டு நான்தான் நடந்து வர வேண்டும். எல்லாரும் கையைத் துப்பாக்கி மாதிரி நீட்டிச் சுடுவார்கள். நான் கேக்கை மேஜையில் வைத்துவிட்டுச் செத்த பிறகுதான் வெட்டுவார்கள். நானும் சிரிப்பேன். என் பிறந்தநாளுக்கும் நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

செம்பூரில் ஒரு டாக்டர், ஆபரேஷன் செய்தால் நரம்பை நீட்டிவிடலாம், அதற்குமுன் பயிற்சி செய் என்றார். செய்தேன். குதிகால் கொஞ்சம் இறங்கியது. மறுவாரமே தேஷ்பாண்டே கண்டுபிடித்துவிட்டார். "கல் தக் அச்சா லங்டா ரஹா தா, க்யா ஹுவா?" நேற்று வரை நன்றாகத்தானே நொண்டிக்கொண்டிருந்தாய், என்ன ஆயிற்று? காய்ச்சல்காரனைக் கேட்பது போல அவ்வளவு அக்கறை. கேமின் இரண்டாம் பாகம் முடியட்டும், பிறகு காலைச் சரிசெய்துகொள், நாற்காலி எங்கேயும் போகாது என்றார். நம்பினேன். இரண்டாம் பாகம் முடிந்து மூன்றாம் பாகம் வந்தது.

"ஏல, அவன் ஒன் காலுக்குல்லா சம்பளம் குடுக்கான். கால் சரியாயிட்டுன்னா ஒனக்கு எதுக்குல குடுப்பான்?" என்று சித்தப்பா கேட்டார்.

"நான் அனிமேட்டர் சித்தப்பா" என்றேன். அவர் ஊசியில் நூலைக் கோத்தார்.

ஒருநாள் ஸ்வீடன்காரருக்கு மெதுவாக வரும் பிணங்கள் அலுத்துவிட்டன. இனி பிணங்கள் ஓட வேண்டும் என்றார். ஓடினேன், விழுந்தேன். "அரே, மர்னா நஹி தா, பாக்னா தா" என்று தேஷ்பாண்டே தலையில் அடித்துக்கொண்டார். சாகச் சொல்லவில்லை, ஓடத்தான் சொன்னாராம். காலேஜ் ஓட்டப்பந்தயக்காரன் ஒருவனைப் பிடித்து வந்தார்கள். எனக்குச் சம்பளமில்லாத விடுப்பு கிடைத்தது. அதில் ஆபரேஷன் செய்துகொண்டேன்.

கட்டுப் பிரித்து, தடி ஊன்றி, பிறகு தடியும் இல்லாமல் நடந்த அன்று தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷன் வரை அழுதுகொண்டே போனேன். பழக்கதோஷத்தில் ரயிலில் ஊனமுற்றோருக்கான ஹேண்டிகேப் பெட்டியில் ஏறியபோது, இத்தனை வருஷம் இடம் போட்டு வைத்த கூட்டாளிகளே என் காலை மேலும் கீழும் பார்த்துவிட்டு குர்லாவில் இறக்கிவிட்டார்கள். ஆபீசில் நாற்காலியைக் கேட்டேன். தேஷ்பாண்டே ஒரு பரீட்சை வைத்தார்: பழைய கேமில் புதிதாகச் சேர்க்கும் காட்சிக்கு அதே நொண்டி நடையைக் கையால் அனிமேஷன் செய்ய வேண்டும். மீன் குஞ்சுக்கு நீச்சல் பரீட்சையா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வாரம் முழுவதும் உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். ஸ்வீடனிலிருந்து வந்த பதிலை தேஷ்பாண்டே எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார். நடை செயற்கையாக இருக்கிறது, இதைச் செய்தவர் கால் ஊனமானவர் ஒருவரையாவது நேரில் பார்த்ததுண்டா என்று கேட்டிருந்தார். காட்சிக்கு என் பழைய பதிவையே போட்டுக்கொண்டார்கள். "கால் ரொம்ப நன்றாக இருக்கிறது, வாழ்த்துகள்" என்று கைகுலுக்கிய தேஷ்பாண்டே, அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

அன்று மாலைதான் என் நேரான காலைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். குர்லா டெர்மினஸிலிருந்து சித்தப்பாதான் கூட்டி வந்தார். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்குத் தாராவிச் சந்து எவ்வளவு அகலம் என்று தெரியாது. உட்கார்ந்திருப்பவர் காலை மடக்கினால்தான் அடுத்தவர் போகலாம். நான் சந்துக்குள் நுழைந்தபோது அம்மா வாசலில் பக்கத்து வீட்டுப் பையனோடு உட்கார்ந்து அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்பு என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகம் தெரியாவிட்டாலும் நான் வயல் வரப்பில் வரும்போதே நடையை வைத்துச் சோறு போட எழுந்துவிடுகிறவள் அவள். இப்போது நிமிர்ந்து பார்த்தாள். காலை ஒடுக்கிக்கொண்டு, "போங்க தம்பி" என்று வழிவிட்டாள்.

போனில் பனி கொட்டும் ஏதோ ஒரு ஊர். தூரத்திலிருந்து ஓர் உருவம் இடதுகாலை இழுத்து இழுத்து வந்தது. பையன் குறி பார்த்தான். அம்மா அவன் கையைப் பிடித்தாள்.

"ஏல மக்கா, சுடாத. அந்தா வாரது எம் புள்ள மாரில்லா இருக்கு!"

"அய்ய, ஆச்சி! அது ஜாம்பி. கோலி மாரிச் சுடலேன்னா கடிச்சிரும்."

"அவன் கடிக்க மாட்டாம்ல. கால் சரியில்லாத புள்ள, மெல்லத்தான் வருவான். வீடு வந்து சேரட்டும்" என்று சொல்லி அம்மா உள்ளங்கையால் திரையை மூடிக்கொண்டாள். ஒடுக்கிய அவள் கால்மாட்டில், இரண்டு குதிகாலும் தரையில் பதிய, நான் நின்றுகொண்டிருந்தேன்.