நீலம் பாய்ந்த பேரிங்

நான் மெக்கானிக்காக இருந்த காஜா பெராங் தெருப் பட்டறையில் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. மெர்டேக்கா என்ற சுதந்திர நாள் கொண்டாட்டத்துக்குச் செமாபோக் ஊர் ஆட்களை ஏற்றிப்போக வேண்டிய பஸ் அது. கியர்பாக்ஸ் தண்டில் புது பேரிங் ஏற வேண்டியதுதான் பாக்கி.

குளிர்ந்த பேரிங் தண்டில் ஏறாது. எண்ணெய்ச் சட்டியின் அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, மெதுவாகச் சூடாக்க வேண்டும். சற்று விரிந்ததும் எளிதாக ஏறிவிடும். அப்படித் தொங்கவிட்டுவிட்டு நான் தண்டைத் துடைக்கத் துணி தேடிப் போன நேரத்தில், பொறுமையில்லாத முதலாளி பேரிங்கை வெளியே எடுத்து, ஊதுவிளக்கின் சுடரை நேராகக் காட்டிவிட்டார். நான் திரும்பியபோது ஒரு பக்கம் நீலமாகியிருந்தது. நீலம் பாய்ந்த எஃகுக்கு உறுதி இல்லை. ஓட்டத்தில் அது நொறுங்கினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம்.

“நீலமா இருந்தா என்னப்பா? உள்ளதானே போவுது, யாரு பார்க்கப் போறா?”

“நாப்பது பேரு ஏறுவாங்க, முதலாளி.”

“இதையே மாட்டுலா. நாளைக்கு வேற போட்டுக்கலாம்.”

பேரிங்கை இடுக்கியால் தூக்கி வாசல் சாக்கடையில் போட்டேன். சுர்ரென்று ஆவி கிளம்பியது.

“புது பேரிங்டா அது!”

“நீங்க கொளுத்துற வரைக்கும் புதுசுதான்.”

வேறு பேரிங் கையில் இல்லாததால் பஸ் போகவில்லை. காத்திருந்து ஏமாந்தவர்கள் சாயங்காலம் பட்டறைக்கே வந்தார்கள். முதலாளி என்னைக் கைகாட்டினார்.

“மெர்டேக்காவையே கெடுத்திட்டியேடா!” என்று புதுச் சட்டை போட்ட ஒருவர் கத்தினார். முதலாளியும் தலையாட்டினார்.

சாக்கடைக்குள் கைவிட்டு அந்தப் பேரிங்கை எடுத்து நீட்டினேன். அதை வாங்கிப் பார்க்க ஒருவரும் கை நீட்டவில்லை.