இருக்கையில் இருந்த பட்டு மூட்டை

தொற்றுக்கு முன் காஞ்சிபுரத்திலிருந்து காலையில் அடுத்தடுத்து இரண்டு பாசஞ்சர் வண்டிகள் கிளம்பும். முதல் வண்டியில் இடம் கிடைக்காதவர்கள் இரண்டாவதில் வருவார்கள். ஊரடங்கு முடிந்தபின் ஒன்றுதான் திரும்பி வந்தது. இரண்டு வண்டிக் கூட்டமும் அதில் ஏறியது.

எங்கள் ஊரில் பட்டுப் புடவை மூட்டையைத் தரையில் வைப்பதில்லை. கால் படக் கூடாது. ரயிலில் மூட்டை இருக்கையில் இருக்கும், கொண்டு வந்தவர் பக்கத்தில் நிற்பார். முன்பெல்லாம் அதை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அன்று பழையசீவரத்தில் ஓர் இளைஞன் ஏறினான். திருமுக்கூடல்காரன். சிங்கபெருமாள்கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. இன்னொரு முறை தாமதமானால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டதாக முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தான். படியில் ஒரு கால்தான் பதிந்திருந்தது, வண்டி நகர்ந்துவிட்டது. தோள்களை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன், ஜன்னலோர இருக்கையில் மூட்டையைப் பார்த்தான்.

“மன்சன் தொங்கிக்கினு வரான், மூட்டைக்கு சீட்டா? அதுக்கு டிக்கெட்டு எடுத்துக்கினு வந்தியாபா?”

“கல்யாணப் புடவை. கைய வெச்சே, ஒடிச்சிடுவேன்,” என்றார் மூட்டைக்காரர். ஐம்பது வயது வியாபாரி.

அவன் அதைத் தூக்கித் தரையில் போட்டான். நெரிசலில் யாருடைய செருப்போ அதன்மேல் ஏறியது.

வியாபாரி டிபன் கேரியரால் அடித்தார். முதல் அடி புருவத்தில், அடுத்தது வாயில். அவன் அவர் கழுத்தைப் பிடித்து முகத்தை ஜன்னல் கம்பியில் மோதினான். அவரோடு வந்தவர்கள் அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விலகி நிற்க இடமில்லாததால், மிதிக்க விரும்பாதவர்களும் மிதித்தார்கள். பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மாள் எட்டிச் செயினை இழுத்தார்.

பாலூரைத் தாண்டி வயல்வெளியில் வண்டி நின்றது. அடியும் நின்றது. அவன் எழுந்தான். உடைந்த பல் ஒன்று உதட்டில் ஒட்டியிருந்தது. வியாபாரியை அவன் பார்க்கவில்லை. அந்த அம்மாளை நோக்கிக் கையை ஓங்கினான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

“எதுக்குமா இழுத்த? அடி வாங்கிக்கினே போயிருப்பேன்ல.”

“செத்திருப்படா,” என்றார் அவர்.

வண்டி வெகுநேரம் கிளம்பவில்லை. செங்கல்பட்டை நெருங்கும்போது அவனுடைய போன் அடித்தது. கேட்டான். “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னான். செங்கல்பட்டில் போலீஸார் ஏறி இருவரையும் அழைத்தபோது முரண்டு பிடிக்காமல் இறங்கிப் போனான். வியாபாரி மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் போனார்.

அந்த ஜன்னலோரத்தில் இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்தோம். கம்பியில் ரத்தம் இன்னும் காயவில்லை.