செல்லாத பக்கத்தில் இருந்த ஆர்க்கிட்

ஃபான்ஜியாங் யூன்-ஷியின் வேலை என்னவென்று யாராவது கேட்டால், அவள் கணவன் முந்திக்கொண்டு பதில் சொல்வான். "எது உசிரோட இருக்கு, எது செத்துப்போச்சுன்னு குறிச்சு வைக்கிறவ. கம்ப்யூட்டருக்குள்ள எமன் வேலை." விளையாட்டுக்குச் சொன்னாலும் அது உண்மைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

ஜூபெய் நகரத்து நிறுவனம் ஒன்றில் சேமிப்புச் சிப்புகளை இயக்கும் மென்பொருளை அவள் பல வருடம் எழுதினாள். ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் பழையதன் மேலேயே புதியது எழுதப்படுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தச் சிப்பில் அப்படி எழுத முடியாது. புதியது வேறொரு வெற்றுக் கட்டத்துக்குப் போகும்; அந்தக் கட்டத்துக்குப் பக்கம் என்று பெயர். பழைய பக்கம் செல்லாது என்று குறிக்கப்பட்டு இருந்த இடத்திலேயே கிடக்கும். பக்கங்கள் கூட்டம் கூட்டமாக அடுக்கப்பட்டவை. அழிப்பதென்றால் ஒரு கூட்டத்தையே மொத்தமாகத்தான் அழிக்க முடியும். ஆகவே செல்லாதவை மிகுந்த கூட்டத்தைத் தேர்ந்து, அதில் மிஞ்சிய செல்லுபடியான பக்கங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, கூட்டத்தைத் துடைக்க வேண்டும். அந்தத் தேர்வு விதியை எழுதியவள் யூன்-ஷி. இத்தனை வருடத்தில் செல்லாத பக்கம் ஒன்றில் என்ன இருக்கிறது என்று அவள் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, கூட வேலை பார்த்த ஜுவோ பிங்-ஹானோடு சேர்ந்து தகவல் மீட்கும் சிறிய கடை ஒன்றைத் தொடங்கினாள். அங்கேதான் ஒரு மழைக்காலப் பகலில் ஷாவ் லி-ஹுவா வந்தார். தாவரங்களை வரைபவர். மடிக்கணினியைக் குழந்தை போல நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"உடைஞ்சு போகலம்மா. நல்லாத்தான் ஓடுது. தப்பு நான் பண்ணினதுதான்."

மலையில் பூத்த ஓர் ஆர்க்கிட்டை நேரில் பார்த்து இந்தக் கணினியிலேயே வரைந்திருக்கிறார்; வரைய வரைய அது தானாகச் சேமித்துக்கொண்டே இருக்கும். பூவின் உதட்டில், அதாவது கீழே நீண்ட இதழில், ஊதாப் புள்ளிகள் வளையமாக இருந்தன. அப்படி ஒரு இனமே இல்லை, கண் ஏமாற்றியிருக்கும் என்று பதிப்பாசிரியர் சொல்ல, புள்ளிகளை அழித்து, தெரிந்த இனத்தைப் போல மாற்றி, அதே கோப்பில் சேமித்துவிட்டார். அதற்குப் பின் வந்த நிலநடுக்கத்தில் அந்தச் சரிவு செடியோடு பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது. இப்போது இதைக் கேள்விப்பட்ட ஒரு தாவரவியலாளர் அந்தப் புள்ளிகளைப் பற்றி விசாரிக்கிறார்.

"அதுக்கப்புறம் இதை ஆன் பண்ணீங்களா, அக்கா?"

"தினமும்தான். ஏன்?"

யூன்-ஷி கணினியைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருந்தது அவள் மென்பொருள் எழுதிய அதே ரகம். சும்மா இருக்கும் நேரத்தில் தானாகவே செத்ததைத் தேடித் துடைக்கும் ரகம். அது எவ்வளவு வேகமாகத் துடைக்கிறது என்பதில் ஒரு காலத்தில் அவளுக்குப் பெருமை உண்டு.

"இனிமே இதுக்குக் கரண்டே குடுக்கக் கூடாது. சிப்பைக் கழட்டித்தான் படிக்கணும்" என்றாள் பிங்-ஹானிடம்.

"நீ எழுதிப் பெத்த புள்ள கைக்கு எட்டாம தூக்கி வைக்கணும்னு சொல்லு" என்று சிரித்துக்கொண்டே அவன் ஈயத்தை உருக்கும் சூடுகாற்றுக் குழாயை எடுத்தான்.

சிப்புகளிலிருந்து எல்லாப் பக்கங்களையும் படித்தெடுத்தார்கள். எது செல்லும், எது செல்லாது என்று சொல்லும் அட்டவணையை யூன்-ஷி ஒதுக்கி வைத்தாள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அது எந்தக் கோப்பைச் சேர்ந்தது, எந்த வரிசையில் எழுதப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். அதை வைத்து, ஓவியத்துக்குரிய செத்த பக்கங்களை எழுதப்பட்ட வரிசையில் கோத்து ஓடவிட்டாள்.

வெள்ளைத் திரையில் ஒரு கோடு தோன்றியது. அது தண்டாயிற்று. ஓர் இலை வந்தது, அழிந்தது, கொஞ்சம் சாய்ந்து மறுபடி வந்தது. மொட்டு வந்து இதழ் விரிந்தது. சில இடங்களில் பக்கங்கள் துடைக்கப்பட்டுப் போயிருந்தன. அங்கே படம் பாதி கறுப்பாகிப் பிறகு மீண்டது. கடைசியில் உதட்டின் மேல் ஊதாப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து வளையமாகச் சேர்ந்தன.

பிங்-ஹான் கையிலிருந்த தேநீரைக் குடிக்க மறந்து நின்றான். "இவ்ளோவும் உள்ளேயே கிடந்துதா?"

யூன்-ஷி ஒதுக்கி வைத்த அட்டவணையைத் திரும்ப எடுத்தாள். புள்ளிகள் இருந்த கூட்டம் ஏன் தப்பியது என்று தேடிப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தின் மற்றப் பக்கங்கள் எல்லாம் ஷாவின் கணவர் பாடிப் பதிந்து வைத்த பாட்டுகள். யாரும் திருத்தாததால் அவை அத்தனையும் உயிரோடு இருந்தன. செத்தவை குறைந்த கூட்டத்தை விதி தொடாது. உயிருள்ளவற்றின் நடுவில் கிடந்ததால் அந்தப் பூ பிழைத்திருந்தது. அவள் கையால் எழுதிய விதிதான். இப்படி ஒன்றைக் காப்பாற்றும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை.

மறுநாள் ஷாவ் வந்து திரை முன் உட்கார்ந்தார். கோடுகள் எழுவதையும் அழிவதையும் பார்த்தார்.

"இந்த இலை இருக்கே, அப்ப காத்து அடிச்சுதும்மா. அதான் திருப்பி வரைஞ்சேன்" என்றார். அழியும் கோடுகளைக் காட்டி, "இதெல்லாம் நான் தூக்கிப் போட்டதுன்னு நினைச்சேன்."

"மெஷினும் அப்படித்தான்க்கா குறிச்சு வெச்சிருந்துது."

அந்த ஓவியத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வசந்தத்தில் தாவரவியலாளர் பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் தேடினார். பாறை இடுக்கில் ஒரு செடி பூத்திருந்தது. ஷாவ் அந்தப் புகைப்படத்தைக் கடைக்கு அனுப்பினார். புது இனமா, ஏற்கெனவே தெரிந்த இனத்தின் ஒரு வகையா என்று இன்னும் விவாதம் முடியவில்லையாம்.

யூன்-ஷி படத்தைப் பெரிதாக்கினாள். ஊதாப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.