பிரசவ அறையில் கேட்ட வளையல் சத்தம்

கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. பட்டதைச் சொல்கிறேன். கேரளத்தில், தொடுபுழாவுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே நான் நர்சிங் மூன்றாம் வருடம் படித்தபோது நடந்தது.

வகுப்பில் நாற்பத்திரண்டு பெண்கள். ஆண் நான் ஒருவன். "லிஜோ சேச்சி வந்தாச்சுடீ!" என்று என்னை அக்காவாக்கிக் கத்துவார்கள். "வந்தாச்சு, நகரு" என்று நடு பெஞ்சில் போய் உட்காருவேன். கேலியெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை. பிரசவ வார்டில்தான் எரிச்சல் வந்தது. "பையன் வெளியே நின்னு ரெஜிஸ்டர் எழுதினாப் போதும். உள்ளே வந்து யாரையும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டார் எங்கள் ஆசிரியை சிஸ்டர் எல்சம்மா.

"அப்போ பரீட்சையிலயும் எனக்கு அந்தக் கேள்வி வராதா சிஸ்டர்?"

முறைத்துவிட்டுப் போனார்.

ஜூன் மாதம். பகல் 2.40. கொட்டும் மழை. ஜின்ஸி என்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கூட இருந்தது என் வகுப்பு ரெஸ்மி மட்டும். டாக்டரும் சிஸ்டரும் மாடியில், இன்னொரு கேஸில்.

"லிஜோ! ரத்தம் நிக்கலடா!"

ரெஜிஸ்டரைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். விரிப்பு முழுக்கச் சிவப்பு. டாக்டரைக் கூட்டிவர ரெஸ்மியை விரட்டினேன். ஜின்ஸியின் அடிவயிற்றில் கை வைத்தேன். இறுகியிருக்க வேண்டிய கருப்பை தொளதொளவென்று கிடந்தது. அது இறுகினால்தான் ரத்தம் நிற்கும். அழுத்தித் தேய்க்கத் தொடங்கினேன்.

2.43. கரண்ட் போனது.

கிளிங்... கிளிங்...

கண்ணாடி வளையல். பிரசவ அறைக்குள் யாரும் வளையலோடு வர முடியாது. ஜின்ஸியின் கைகளைப் பார்த்தேன். வெறுங்கை.

சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

என் வலது மணிக்கட்டை ஏதோ பிடித்தது. ஐஸ் மாதிரி. ஐந்து விரல்கள்...

திரும்பினேன். யாருமில்லை.

கையை இழுத்தது.

"எடுக்க மாட்டேன்."

மறுபடி இழுத்தது. எலும்பு வலித்தது.

"யாரா இருந்தாலும் சரி. எடுக்க மாட்டேன்!"

கிளிங்...

2.49. என் உள்ளங்கைக்குக் கீழே வயிறு கல்லாக இறுகியது. விளக்கு எரிந்தது. டாக்டர் ஓடி வந்தார். ஜின்ஸி பிழைத்தாள்.

இரண்டு நாள் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். "அந்தச் சேச்சிக்கு இப்போ எப்படி இருக்கு?" என்றாள்.

"எந்தச் சேச்சி?"

"உங்க பக்கத்துல நின்னாங்களே... பச்சை வளையல். இடுப்புல கட்டியிருந்த முண்டு பூரா ரத்தம். உங்க கையைப் பிடிச்சு, பாவம், தன் வயித்து மேல வச்சுக்கப் பார்த்தாங்க."

அன்று மாலை சிஸ்டர் எல்சம்மா கூப்பிட்டார். சொன்ன பேச்சை மீறியதற்கு விசாரணை.

"என்ன தண்டனைன்னாலும் குடுங்க சிஸ்டர். மறுபடியும் தொடுவேன்" என்றேன். ஜின்ஸி சொன்னதையும் சொன்னேன்.

சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார்.

"தொண்ணூத்தி நாலுல, அதே அறையில, இப்படித்தான் ஒருத்திக்கு ரத்தம் நிக்கல. அப்போ இருந்தது ஒரே ஒரு ஆண் நர்ஸ். அவ வீட்டுக்காரங்க கதவை மறிச்சுட்டாங்க. ஆம்பளை தொடக்கூடாதுன்னு."

"அவ?"

"மூச்சு நிக்கிற வரைக்கும், வெளியே நின்ன அவனைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா."