எட்டுக் கைகளின் சட்டம்

சேவுகப்பெருமாள் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் அமெரிக்க அரசியலமைப்பு நடத்தியவர். அமெரிக்காவுக்குப் போனதில்லை, போகும் ஆசையும் இல்லை. குடியிருப்பது அந்த ஊரிலேயே செக்காலையில். கண்டனூரில் பூர்விக வீடு. அதில் பதினொன்றில் ஒரு பங்கு. பங்கு பதின்மூன்றாக இருந்திருந்தால் அமெரிக்காவின் முதல் பதின்மூன்று மாநிலங்களோடு கச்சிதமாகப் பொருந்தியிருக்குமே என்பது அவருடைய நெடுநாள் குறை.

மகள் சினேகாவின் கல்யாணத்தை வைகாசியில் அந்த வீட்டில்தான் நடத்த வேண்டும் என்றிருந்தார். வீட்டிலோ முற்றத்தைச் சுற்றி ஓடு சரிந்து கிடந்தது. பாட்டனார் பத்திரப்படி, பங்காளிகள் எல்லாரும் சம்மதித்தால்தான் ஓர் ஆணிகூட அடிக்கலாம். பெரியப்பா மகன் சொக்கலிங்கம் எதற்கும் சம்மதித்ததில்லை. வெள்ளையடிக்கக் கேட்டாலும் மாட்டேன், மோட்டார் மாற்றக் கேட்டாலும் மாட்டேன்.

அமெரிக்காவின் முதல் ஏற்பாடும் இதே லட்சணம்தான். ஒரு விதியைத் திருத்த ரோட் ஐலண்ட் என்ற சுண்டைக்காய் மாநிலம் மாட்டேன் என்றால் மற்ற பன்னிரண்டும் கைகட்டி நிற்க வேண்டும். ஆளப்படுகிறவர் சம்மதமே ஆட்சிக்கு வேர் என்ற உயர்ந்த தத்துவத்தை, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லார் சம்மதமும் வேண்டும் என்று நீட்டினால் அப்படித்தான் ஆகும். கடைசியில் புதுச் சட்டம் எழுதப் பிலடெல்பியாவில் கூடியவர்கள், ஒன்பது மாநிலம் சம்மதித்தால் போதும் என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

சிவராத்திரிக்குப் பங்காளிகள் கூடியபோது சேவுகப்பெருமாளும் அதையே செய்தார். “இனிமே எட்டுப் பங்கு சரின்னா சரி.”

“அந்த விதிய மாத்தவும் எல்லாரும் சம்மதிக்கணுமேப்பா,” என்றார் சொக்கலிங்கம்.

“பிலடெல்பியாலயும் இதையேதான் கேட்டாக, அண்ணே.”

“அங்கயும் ஓடு ஒழுகுச்சாக்கும்?”

எட்டுக் கைகள் உயர்ந்தன. ஓடு மாற்றும் தீர்மானமும் அப்போதே நிறைவேறியது. சேவுகப்பெருமாள் வேர்வையைத் துடைப்பதற்குள் கோயம்புத்தூர்ப் பங்காளி இன்னொன்று கொண்டுவந்தார்: வேலை முடியும் அடுத்த தை மாதம்வரை வீட்டில் யாரும் விசேஷம் வைக்கக் கூடாது. விருந்தாளி தலையில் ஓடு விழுந்தால் யார் பதில் சொல்வது? நியாயமான கேள்வி. அதற்கும் எட்டுக் கைகள். சேவுகப்பெருமாள் கை மடியில் கிடந்தது. பழைய விதியில் அவர் ஒருவர் மாட்டேன் என்றாலே போதும். அதைச் சற்று முன்புதான் அவரே ஒழித்திருந்தார்.

“என்ன வாத்தியாரே, இப்ப நீதான் ரோட் ஐலண்டா?” சொக்கலிங்கம் அந்தக் கதையை வருடாவருடம் கேட்டவர்.

சேவுகப்பெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்தார். “அங்கயும் பின்னாடி ஒண்ணு சேத்தாக. எத்தனை பேரு கைதூக்கினாலும் தொடமுடியாத உரிமைன்னு. அவுகவுக வீட்டுக் கல்யாணத்தையும் கருமாதியையும் இந்த வீட்டுல நடத்துறத யாரும் தடுக்கக்கூடாதுன்னு எழுதுவோம். இன்னைக்கு எம் மக. நாளைக்கு உங்க மகளுக்கும் எட்டுக் கை இப்படித்தான் கிளம்பும்.”

பெண் பிள்ளை பெற்றவர்கள் யோசித்தார்கள். அவர் கையோடு சேர்த்து ஏழு கை உயர்ந்தது; ஒன்று குறைந்தது. எல்லாரும் சொக்கலிங்கத்தைப் பார்த்தார்கள்.

“இது யாருகிட்டருந்து என்னயக் காப்பாத்துது?”

“என்கிட்டருந்துதான், அண்ணே. உங்களக் கேக்காமத்தானே கூரையில கைவச்சேன்.”

சொக்கலிங்கம் கையைத் தூக்கினார். “ஓடு மாத்துறதுக்கு நான் சம்மதிக்கல. அதையும் எழுதிக்க.”

வைகாசியில் கல்யாணம் அந்த வீட்டில்தான் நடந்தது. ஒரு பக்கம் சாரம், மறுபக்கம் புது ஓடு. சொக்கலிங்கம் புது ஓட்டு நிழலில் உட்கார மறுத்து, வெயிலில் நின்றபடியே, வந்தவர்களையெல்லாம், “வாங்க, வாங்க, உள்ள போங்க,” என்று வரவேற்றுக்கொண்டிருந்தார்.