தட்டிப் பார்க்கிறவர்

மேல்வீட்டுக்காரர் பல் துலக்குவதற்கு முன்னால் தன் செயற்கைக் காலின் சார்ஜரைப் பிடுங்குகிறார். கட்டிலோரம் சுவரில் சாய்ந்து நிற்கும் அந்தக் காலில் அதற்குள் பச்சை விளக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால், "துரைக்கு இன்னும் வயிறு நெறையல" என்று சொல்லிவிட்டு, கைத்தடிகளை அக்குளில் கொடுத்து அடுப்படிக்குப் போய், ஒற்றைக் காலில் நின்று டீ போடுவார். வந்துவிட்டால், தொடையின் மிச்சத்தில் உறையை இழுத்து விட்டு, அதைக் காலின் குழிக்குள் இறக்கி, எழுந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலால் தரையை ஒரு தட்டு தட்டுவார். நான் அவருக்கு நேர் கீழே, முதல் மாடியில் குடியிருக்கிறேன். அந்த 'டக்'கில்தான் எனக்குப் பொழுது விடிகிறது.

துரை என்பது அவருடைய புது முட்டி. உள்ளே குட்டியாக ஒரு கம்ப்யூட்டரும் எண்ணெய் சிலிண்டரும் இருக்கின்றன. எவ்வளவு பாரம், எந்தச் சாய்வு, என்ன வேகம் என்று நொடிக்கு நொடி பார்த்து, எப்போது விறைக்க வேண்டும், எப்போது மடங்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்கிறது. பேட்டரி இறங்கினால் நடுங்கும். "என்னைக் கேக்காம முடிவு பண்ற ஒரே ஆளு இந்த வீட்ல இவருதான்" என்பார். அந்த வீட்டில் வேறு ஆளே கிடையாது. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் வேறு ஊரில், ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறாள்.

குடியிருப்பில் அவர் பெயர் லிப்ட்காரர். இருபத்தாறு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எங்கள் கட்டடத்துக்கு லிப்ட் கிடையாது என்பதை அவரே எல்லோருக்கும் முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்துவிடுவார். முப்பது மாடி உயரத்துக் கூண்டின் தலைமேல் நின்று வேலை பார்த்தவருக்கு உடம்பில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஒரு சனிக்கிழமை மாலை கடை வாசலில் ரிவர்ஸில் வந்த வேன் பார்க்காமல் காலில் ஏறிவிட்டது. "அத்தனை உசரத்துல தொங்கினவன், தக்காளி வாங்கப் போயி காலை விட்டேன்" என்பார். அந்தத் தக்காளி என்ன ஆனது என்று இன்னும் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்?

எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். நாற்காலியில் உட்காரும் முன் அதை இரண்டு உலுக்கு உலுக்குவார். டீ டம்ளரைக் கொடுத்தால் நாம் இறுகப் பிடித்தோமா என்று லேசாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பார். மகளுக்குப் போன் செய்தாலும் இதே கதைதான். மூன்று முறை மணி அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் வெட்டிவிடுவார். எடுத்துவிட்டால், "ஒண்ணுமில்லம்மா, லைன் இருக்கான்னு பாத்தேன். சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான். இயந்திர அறைகளின் இரைச்சலில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அந்தப் பெண் மறுமுனையில் "அப்பா, சாப்..." என்று தொடங்குவது எனக்குக் கேட்கும். முடிப்பது கேட்காது.

புதுக் கால் வந்த முதல் மாதத்தில் மூன்று முறை விழுந்தார். முதல் முறை கூரையே இறங்கியது மாதிரி சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து, "ஒண்ணுமில்லைங்க, பாத்திரம்" என்றார். எண்பது கிலோ பாத்திரம். இரண்டாம் முறையும் பாத்திரம்தான். மூன்றாம் முறை நான் போகவில்லை. போயிருக்க வேண்டும். பத்து நிமிடம் கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மேலே அந்த டக் கேட்கும் வரை.

விழுந்ததைவிட அவரை வாட்டியது படிக்கட்டு. இரண்டு மாடிக்கும் சேர்த்து முப்பத்தாறு படிகள். பால்காரர் வருவதற்கும் முன்னால், ஆள் நடமாட்டம் தொடங்காத நேரத்தில், படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றி, ஒவ்வொரு படியாகத் தேய்ந்து இறங்குவார். ஒருநாள் கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்துவிட்டேன். என் வாசலைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். நானும் உள்ளே அடக்கிக்கொண்டேன். இரண்டு ஆள், நடுவில் ஒரு கதவு, இருவரும் வீட்டில் இல்லாத மாதிரி.

அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மகள் வருவதாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தவள், அதற்குப் பிறகு பார்க்கவில்லை. "அவ வண்டியை விட்டு எறங்கறப்ப நான் கேட்ல நிக்கணும். நின்னுக்கிட்டு. அவ்வளவுதான் வேணும் எனக்கு" என்றார். அவர் வாய்விட்டு ஒன்று வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நடைப் பயிற்சிக்கு ஒருமுறை நானும் கூடப் போனேன். நீளக் கூடம், இருபுறமும் பிடித்துக்கொள்ளக் கம்பிகள், கடைசியில் மரத்தில் செய்த நாலு படிகள். முட்டியைச் சரிபார்க்கும் பெண் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அவரை இறங்கச் சொன்னாள். முதல் படியிலேயே முட்டி வழுக்கிக்கொண்டு மடங்கியது. அவர் கம்பியில் தொங்கினார்.

"சார், காலை வைக்கறதுக்கு முன்னாடி தட்டறீங்களா?"

"தட்டாம எப்படிம்மா?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதில் பாரத்தைக் காட்டும் கோடு ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு சின்னக் குதி குதித்திருந்தது. "இதோ பாருங்க. நுனிக்கால்ல லேசா அழுத்தி எடுக்கறீங்க. இது என்ன நெனைக்குது? இந்த அடி முடிஞ்சுது, காலைத் தூக்கப் போறாருன்னு நெனைக்குது. ஒடனே தளர்த்திடுது. அந்த நேரம் பாத்து நீங்க பாரத்தை வைக்கறீங்க."

"அப்ப தாங்குமான்னு நான் பாக்கறதாலதான் தாங்க மாட்டேங்குதா?"

"ஆமா சார். படி விளிம்புல பாதத்தை வெச்சு, அப்படியே உக்காருங்க. முழு உடம்பையும் கொடுங்க. அது மெதுவா உங்களை எறக்கி விடும். பாதி கொடுத்தா அதுக்குப் புரியாது."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இருபத்தாறு வருஷம் தட்டிப் பாத்துதான்மா அடுத்தவனை ஏத்தியிருக்கேன்" என்றார். அவள் திரையைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வந்து வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, "சின்னப் பொண்ணு. ஆனா சொன்னது சரி" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எத்தனை கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். லிப்ட் கம்பெனியின் பெரிய என்ஜினியரையே 'அரைகுறை' என்று சொல்கிறவர் அவர்.

அதற்குப் பிறகு மேலே டக் சத்தம் குறைந்தது. பழக்கம் ஒரேயடியாகப் போய்விடவில்லை, காலிலிருந்து கைக்கு ஏறியது. படியோரம் நின்று கைப்பிடிக் கம்பியை விரலால் இரண்டு தட்டு தட்டுவார், பிறகு காலை வைப்பார். கம்பியில் தட்டினால் துரைக்குத் தெரியாது. சாயங்காலங்களில் மொட்டை மாடிப் படியில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு தட்டு, ஒரு அமைதி, முட்டி இறங்கும் மெல்லிய சீறல், மறுபடி இரண்டு தட்டு. கூடவே யாரையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்றேன். "யாரும் பாத்தா கால் யோசிக்குது" என்றார். யோசித்தது காலில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் மகள் போன் செய்தாள். உடன் வேலை பார்ப்பவருக்கு உடம்பு சரியில்லை, டூட்டி மாறிவிட்டது, வர முடியாது. "அதனால என்னம்மா, வேலையைப் பாரு. சரி, வெச்சிடறேன்" என்று இவர் சொன்னது கூரை வழியாக எனக்குக் கேட்டது. எனக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது. அவள் என்ன செய்வாள்?

மறுநாள் காலை பத்தரை மணி. அவள் வந்து இறங்கியிருக்க வேண்டிய நேரம். மேலே கதவு திறந்தது. இரண்டு தட்டு. அமைதி. சீறல். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தேய்த்த சட்டை, சீவிய தலையோடு, படிக்கு ஒரு காலாக மாற்றி மாற்றி, உட்காராமல் இறங்கி வந்துகொண்டிருந்தார். என் வாசலைத் தாண்டும்போது இந்த முறை மூச்சை அடக்கவில்லை, புஸ் புஸ்ஸென்று வாங்கியது. "வாங்க" என்று மட்டும் சொன்னார். நான் பின்னாலேயே போனேன். கடைசிப் பத்துப் படிகளில் கம்பியைத் தட்டவில்லை. மறந்துவிட்டாரோ என்னவோ.

கேட் அருகே நின்று போனை எடுத்தார். மூன்று முறை மணி அடித்தது. வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். நாலு, ஐந்து. எடுத்தாள்.

"என்னப்பா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கேட்ல நிக்கறேன்."

"எந்த கேட்ல? யாரு தூக்கிட்டு வந்தாங்க?"

"யாரும் தூக்கல. எறங்கி வந்தேன். முப்பத்தாறும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவளைச் சுற்றி எங்கோ மணி அடிக்கத் தொடங்கியது. "அப்பா, இன்னொரு போன் அடிக்குது, எடுத்தே ஆகணும். வெச்சிடாதீங்க. ப்ளீஸ்ப்பா, லைன்லயே இருங்க."

போன் அமைதியானது. தெருவில் ஒரு சைக்கிள் போனது. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. உள்ளே போய் நாற்காலி கொண்டு வரவா என்று சாடை காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, சத்தமே வராத போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். களைத்துப் போன நல்ல காலின் குதிகாலை மெல்லத் தூக்கி, உடம்பு மொத்தத்தையும் துரைமேல் சாய்த்து நின்றார்.