வாத்தின் ஓரக்கண்

என் ஓரகத்தியைப் பற்றி யாரைக் கேட்டாலும் "தங்கமான பொண்ணு" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே பஸ்ஸில் போய், ஒரே அறையில் வேலை பார்க்கிறவள் நான். என்னை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

என் கணவரின் தம்பியைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் மாடிக்கு வந்தாள். வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். நன்றாகப் படம் வரைவாள், வேலைதான் அமையவில்லை என்று மாமியார் புலம்பவே, நான் வேலை பார்க்கும் கார்ட்டூன் கம்பெனியில் முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். ஆமாம், நானேதான் சேர்த்துவிட்டேன்.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக்கடைக்கு மேலே நீளமாக ஒரு அறை. பல் தேய்ப்பது எப்படி, வரிசையில் நிற்பது எப்படி என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் குட்டிக் குட்டிப் படங்கள் செய்கிறோம். நான் பின்னணி வரைகிறவள். மரம், சுவர், குளம், வானம் எல்லாம் என் கை. உயிருள்ள உருவங்களை வரைய வேண்டும் என்று வந்த நாளிலிருந்து ஆசை. "அதுக்கென்ன, பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே முதலாளி என்னை மரத்தோடு கட்டிப் போட்டிருந்தார். சின்னவள் உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் முயலையும் வாத்தையும் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டார்.

அவள் மேசை எனக்கு நேர் முன்னால். அவள் முதுகைப் பார்த்தபடிதான் என் வேலை. உருவம் வரைகிறவர்கள் மேசையில் சிறிய கண்ணாடி ஒன்று வைத்திருப்பார்கள். சிரிப்பு, அழுகை, கொட்டாவி எல்லாவற்றையும் தாங்களே செய்து பார்த்து வரைவதற்கு. சின்னவளும் வைத்திருந்தாள். ஆனால் எந்நேரமும் அதையேவா பார்ப்பது? அழகு அப்படி வழிகிறதாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பாழாய்ப்போன படத்தில் குளக்கரையில் முயலுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். எல்லா மிருகங்களும் கைதட்டுகின்றன. ஓரத்தில் நிற்கும் வாத்தும் தட்டுகிறது. வாய் மட்டும் ஒரு பக்கமாகச் சிரிக்கிறது, கண் முயலை ஓரமாக அளக்கிறது. மொத்தம் சில நொடிதான். படம் வெளியானபோது ஈ காக்கை கூடச் சீண்டவில்லை.

குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த யாரோ ஒரு அம்மா, டிவியில் ஓடிய அந்த வாத்தைப் போனில் பிடித்து, "என் தோழி வீடு வாங்கினதைச் சொன்னப்போ நான்" என்று எழுதிப் போட்டாளாம். அவ்வளவுதான். அடுத்தவர் அந்த வரியை எடுத்துவிட்டு "தம்பிக்குச் சம்பளம் கூடினப்போ நான்" என்று மாற்றினார். பிறகு எழுத்தே தேவைப்படவில்லை. யாராவது கல்யாணப் படம் போட்டால் கீழே வாத்து, பதவி உயர்வு என்றால் வாத்து, புது கார் என்றால் வரிசையாகப் பத்து வாத்து. முயல் என்று ஒன்று இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. கடைசியில் எவனோ வாத்தை மட்டும் கத்தரித்து ஸ்டிக்கராக்கினான். நான் கண் நோகத் தீட்டிய குளம், ஒவ்வொன்றாக வரைந்த நாணல், அலையில் விழுந்த நிழல் எல்லாம் குப்பைக்குப் போயிற்று. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆபீசில் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். "எப்படிம்மா இப்படி ஒரு பார்வைய பிடிச்ச?" என்று முதலாளி கேட்டதற்கு, "சும்மா கண்ணாடியப் பாத்து போட்டேன் சார்" என்றாள். அடக்கமாம்!

வீட்டில் அதற்கு மேல். சாப்பிடும்போது மாமியார் போனைக் கண்ணுக்கு அருகில் வைத்து, "இந்த வாத்த எங்கயோ பாத்த மாதிரியே இருக்குடா" என்றார். என் கணவர் இருமினார். கொழுந்தன் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. சின்னவள் தண்ணீர் எடுக்க எழுந்து போனவள் வெகுநேரம் வரவில்லை. பெருமை தாங்காமல் ஓடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாளே வெளிச்சம் போதவில்லை என்று சாக்குச் சொல்லி, என் மேசையை ஜன்னலோரம் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். அந்த முதுகைப் பார்க்கிற தண்டனையாவது தீரட்டுமே.

பிறகுதான் பெரிய வாய்ப்பு வந்தது. வாத்தையே கதாநாயகியாக வைத்து டிவிக்காரர்கள் ஒரு முழுத் தொடர் கேட்டார்கள். முதலில் வாத்தின் முகபாவங்களை மாதிரிக்கு வரைந்து அனுப்ப வேண்டும். சின்னவள் வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். எல்லாம் உப்புச்சப்பில்லாத வாத்து. ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா, உங்க பழைய இடத்துக்கே வந்துடுங்களேன்" என்றாள்.

"ஏன், நீ வரையற அழக நான் பின்னாடி ஒக்காந்து ரசிக்கணுமா?"

அவள் தன் மேசைக்கே திரும்பிப் போய்விட்டாள். கடைசியில் முதலாளி என்னிடமே வந்தார். "அவளுக்கு வரவே மாட்டேங்குது. நீங்க போட்டுப் பாருங்க. சரியா அமைஞ்சா தொடர நீங்களே எடுத்து நடத்துங்க" என்றார். எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! சின்னவள் தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டாள். வாத்தின் கோப்புகள் அவள் கணினியில் இருந்ததால் அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன்.

என் முகம் தெரியவில்லை. குனிந்தேன், நிமிர்ந்தேன், ஊஹூம். கண்ணாடி நகராமல் இரண்டு பக்கமும் டேப் ஒட்டியிருந்தாள். அதில் தெரிந்தது எனக்குப் பின்னால் இருந்த வெறும் தரை. என் பழைய மேசையின் கால்கள் பதிந்த தடம்.

வாத்து கைதட்டும் அந்தத் துண்டுப் படத்தை ஓடவிட்டேன். இடது புருவம் மட்டும் ஏறுகிறது. விரல் நுனி மட்டும் படும்படி ஒரு கைதட்டல். அவள் சேர்ந்த புதிதில், முதலாளி அவளை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டிய அன்று நான் தட்டிய அதே கைதட்டல்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் மருந்துக்கடை வரை கேட்கும்படி கத்தியிருப்பேன். ஊரெல்லாம் கொண்டாடுகிற முகம் என் முகம்! ஆனால் எப்படிச் சொல்வது? வாத்து நான்தான் என்றால், அது என்ன பார்வை என்பதையும் சேர்த்தல்லவா ஒப்புக்கொள்ள வேண்டும்?

டேப்பைப் பிய்த்துக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினேன். புருவத்தை ஏற்றினேன், வாயைக் கோணினேன். வரைந்து பார்த்தால் பல்வலி வந்த வாத்து. என்னைப் பார்த்து எனக்கே எப்படிப் பொறாமை வரும்? அவள் அந்த நாற்காலியில் இருந்தால்தானே வரும்.

மறுநாள் காலை என் மேசையைத் தரதரவென்று பழைய இடத்துக்கே இழுத்து வந்தேன். சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, என் மூஞ்சிதான் கெடச்சுதா ஒனக்கு?"

"கோச்சுக்காதீங்கக்கா. என் மூஞ்சிய எவ்வளவு பாத்தாலும் ஒண்ணும் வரல. உங்க மூஞ்சில எல்லாமே தெரியும்."

"எல்லாம்னா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தொடர்ல ஒன் பேருக்கு மேல என் பேரு வரணும்" என்றேன்.

"சரிக்கா" என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல். கொஞ்சமாவது மல்லுக்கட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தங்கமான பொண்ணு!

கண்ணாடியைச் சரிசெய்து டேப் ஒட்டிவிட்டு, பேனாவோடு காத்திருந்தாள். நான் முறைத்தேன், ஓரக்கண்ணால் பார்த்தேன், சிரித்தும் பார்த்தேன். அவள் பேனா அசையவில்லை. "பரவால்லக்கா, மெதுவா வரட்டும்" என்று என்னைத் தேற்ற வேறு செய்தாள்.

அப்போது முதலாளி போனை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "ஸ்கூல் பையில எல்லாம் நம்ம வாத்த போடணுமாம்! எல்லாம் ஒன் கைராசிம்மா!" என்று சின்னவளின் தோளைத் தட்டினார். அறையே எழுந்து நின்று கைதட்டியது. சும்மா இருந்தால் நன்றாக இராதே என்று நானும் தட்டினேன்.

கண்ணாடிக்குள் சின்னவளின் கண் என்மேல் நிலைத்தது. பேனா சரசரவென்று ஓட ஆரம்பித்தது.

"அக்கா, அசையாதீங்க! அப்படியே இருங்க!"